செங்கல்லில் பதிந்த கைநாட்டு

பழைய மாளிகை ஒன்றைக் காணச் செல்வோர் பொதுவாக மூன்று கேள்விகளைக் கேட்பர். யார் கட்டியது? எப்போது கட்டியது? எவ்வளவு செலவாயிற்று? நாங்களும் அவ்வாறே கேட்டுப் பழகியவர்கள். முதற் கேள்விக்கு அரசர் பெயரோ பிரபுவின் பெயரோ விடையாக வரும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவோம். அரசர் சுண்ணாம்பு குழைத்ததில்லை, பிரபு செங்கல் சுமந்ததில்லை என்பது எங்கள் நினைவுக்கு வந்ததேயில்லை.

அந்த முதற் கேள்வியை வேறு விதமாகக் கேட்க எங்களுக்குக் கற்பித்தது ஒரு பயணம். அமெரிக்காவில் வாழும் மகளையும் மருமகனையும் பார்க்கச் சென்றிருந்தபோது, அந்நாட்டின் தென்மாநிலங்கள் வழியாகப் பத்து நாள் காரில் போய்வர வாய்ப்பு அமைந்தது. வர்ஜீனியாவில் தொடங்கி, வட கரோலினா, அலபாமா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களைக் கடந்து லூசியானாவில் முடிந்த நெடும்பயணம் அது. வழியெங்கும் வரலாற்றுப் புகழ் பெற்ற இல்லங்கள். அவற்றுட் பல இன்று அருங்காட்சியகங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய எங்கள் இருவருக்கும் இதைவிட இனிய விருந்து வேறென்ன வேண்டும்? மகிழ்ச்சியோடுதான் புறப்பட்டோம். திரும்பி வந்தபோது மகிழ்ச்சியோடு வேறொன்றும் உடன் வந்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலவறையில் ஒரு சனிக்கிழமை

வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே, ஒரு குன்றின் உச்சியில் நிற்கிறது மான்டிசெல்லோ. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் தாமே வரைபடம் தீட்டி எழுப்பிய இல்லம். 1769-இல் தொடங்கிய வேலை, இடித்தும் திருத்தியும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1987-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

முன்கூடத்தில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. பீரங்கிக் குண்டுகளைப் போன்ற எடைகள் கயிற்றில் தொங்கியபடி வாரம் முழுவதும் மெல்ல மெல்லக் கீழிறங்கும். அவை இறங்கும் சுவரோரத்தில் கிழமைகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன. எடையின் இருப்பைக் கண்டு இன்று இன்ன கிழமை என அறியலாம். ஆனால் ஒரு வாரத்தைத் தாங்கச் சுவரின் உயரம் போதவில்லை. ஆகவே ஜெபர்சன் தரையில் துளையிட்டு எடையைக் கீழே இறங்கவிட்டார். சனிக்கிழமை நிலவறைக்குப் போயிற்று.

எங்களுக்கு அந்தக் கடிகாரம் அவ்வீட்டின் உருவகமாகவே தோன்றியது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய கை ஜெபர்சனுடையது. அதே ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தார். அவருள் வாழ்நாளில் அவர் விடுவித்தோர் இருவர். உயில்வழி விடுவித்தோர் ஐவர். மேல்தளத்தில் நூல்களும் ஓவியங்களும் அறிவியல் கருவிகளும். குன்றின் ஓரத்தில் பட்டறைகள். அவற்றுள் ஒன்றில் 10 முதல் 16 வயதுச் சிறுவர் நாள் முழுதும் ஆணி அடித்தனர். சமத்துவம் முன்கூடத்தில் இருந்தது. அதற்கு ஒவ்வாதவை எல்லாம் நிலவறைக்குப் போயின.

1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளிலேயே ஜெபர்சன் இறந்தார். பெருங்கடன் எஞ்சியிருந்தது. அடுத்த ஜனவரியில் அவ்வீட்டின் எதிரிலேயே ஏலம் நடந்தது. விற்பனைக்கு என அறிவிக்கப்பட்டவற்றுள் மேசை நாற்காலிகளோடும் கால்நடைகளோடும் 130 மனிதரும் இருந்தனர். தாய் ஒருவருக்கு, பிள்ளை வேறொருவருக்கு எனப் பிரிந்தனர்.

நெடுங்காலம் இவ்வில்லத்து வழிகாட்டிகள் அவர்களைப் 'பணியாளர்' என்ற சொல்லால் குறித்துக் கடந்து போயினர். சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தை எனும் வாய்மொழி வரலாற்றை அறிஞர் பலர் மறுத்தே வந்தனர். 1998-இல் வெளியான மரபணு ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. இல்லத்தைப் பேணும் அறக்கட்டளையும் 2000-இல் தன் ஆய்வறிக்கையில் அதை ஏற்றுக்கொண்டது. 2018 முதல் சாலியின் வாழ்வுக்கெனத் தனிக் காட்சியறை ஒன்று அங்கே உள்ளது. நிலவறைக்குப் போன சனிக்கிழமை மெல்ல மேலேறி வருகிறது என்று எண்ணிக்கொண்டோம்.

விரல் தடங்கள்

அங்கிருந்து தெற்கே இறங்கி வட கரோலினாவின் டர்ஹம் நகருக்கு அருகிலுள்ள ஸ்டாக்வில் சென்றோம். பெனிஹன், கேமரன் ஆகிய இரு குடும்பங்களின் பண்ணை இது. 1860 அளவில் அக்குடும்பத்தார்க்கு உரிய நிலம் சுமார் 30,000 ஏக்கர். அடிமைகள் ஏறத்தாழ 900 பேர். உரிமையாளரின் வீடு அப்படியொன்றும் பெரிதன்று. காண வேண்டியது அதுவுமன்று. சற்றுத் தொலைவில் ஹார்ட்டன் குரோவ் என்ற இடத்தில், 1850-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அடிமைக் குடியிருப்புகள் இன்றும் நிற்கின்றன. மரத்தாலான இரண்டடுக்கு வீடுகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம்.

அவற்றின் புகைபோக்கிகள் அங்கேயே அறுத்துச் சுட்ட செங்கற்களால் ஆனவை. ஒரு கல்லைச் சுட்டிக்காட்டி உற்றுப் பாருங்கள் என்றனர். பார்த்தோம். களிமண் ஈரமாயிருந்தபோது அச்சிலிருந்து எடுத்து வெயிலில் வைத்த யாரோ ஒருவரின் விரல்கள் அதில் பதிந்திருந்தன. நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் விரல்களின் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. சில சிறிய விரல்கள், பிள்ளைகளுடையவை ஆகலாம்.

நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர் பத்திரத்தில் பெருவிரலை ஒற்றுவதைக் கைநாட்டு என்போம். ஸ்டாக்வில்லில் கண்டதும் கைநாட்டே. அவர்கள் எழுதக் கற்காததற்குக் காரணம் சோம்பல் அன்று, சட்டம். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைக் குற்றமாக்கி 1830-இல் வட கரோலினா சட்டமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. பெயர் எழுதும் உரிமையைப் பறித்தவர்கள், ஈரக் களிமண் விரலை ஏற்கும் என்பதை மறந்துவிட்டனர்.

'யார் கட்டியது?' என்ற எங்கள் பழைய கேள்விக்கு முதன்முதலாக உண்மையான விடை கிடைத்தது அந்தச் செங்கல்லில்தான்.

ஒரே நகரில் இரு வீடுகள்

தென் கரோலினா, ஜார்ஜியா வழியே நெடுந்தொலைவு பயணம் செய்து அலபாமாவின் தலைநகரான மான்ட்கோமரியை அடைந்தோம். அடிமை முறையைக் காக்கவேண்டித் தென்மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து, 1861-இல் தனிக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவியபோது முதல் தலைநகராயிருந்தது இந்நகரமே. அக்கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்கிய வீடு, 'முதல் வெள்ளை மாளிகை' என்ற பெயரில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திற்கு அருகே அருங்காட்சியகமாக உள்ளது. தூய வெண்ணிறம், நேர்த்தியான திரைச்சீலைகள், மெருகு குன்றாத மரச்சாமான்கள்.

அங்கிருந்து சிறிது தொலைவில் தெற்கு ஜாக்சன் தெருவில் மற்றொரு வீடு. 1912-இல் கட்டப்பட்ட எளிய மரவீடு. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் ஆலயப் போதகரின் இல்லம். 1954 முதல் 1960 வரை அதில் குடியிருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானார். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அதன் தலைமை இருபத்தாறே வயதான இந்தப் போதகர் தோளில் விழுந்தது.

அவ்வீட்டின் சமையலறையில் நாங்கள் நெடுநேரம் நின்றோம். 1956 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தது, கொலைமிரட்டல். உறக்கம் வராமல் எழுந்த கிங், காப்பி போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் அமர்ந்தார். மனைவியும் பிறந்து மூன்று மாதமும் நிறையாத மகளும் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தனர். தம் வலிமை தீர்ந்தது என்று அந்த மேசையில் தலை கவிழ்ந்து மன்றாடினார். நீதிக்காக நிற்குமாறு சொல்லும் குரலொன்றை உள்ளத்தில் கேட்டதாகப் பின்னர் எழுதினார். ஜனவரி 30 அன்று, அவர் கூட்டமொன்றில் இருந்தபோது, முன்திண்ணையில் வெடிகுண்டு வீசப்பட்டது. வீட்டின் பின்புறம் இருந்ததால் மனைவியும் குழந்தையும் தப்பினர். சினந்து திரண்ட மக்களிடம், சிதைந்த அதே திண்ணையில் நின்று, ஆயுதங்களை விட்டுவிட்டு வீடு திரும்புங்கள், பகைவரை நேசியுங்கள் என்று கிங் வேண்டினார்.

குண்டு வெடித்த தடம் திண்ணைச் சிமெண்டில் இன்றும் உண்டு. நாங்கள் ஒவ்வொருவராய்க் குனிந்து பார்த்தோம். ஒலிவ மலைத் தோட்டத்தின் இரவை ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று நினைவுகூரும் நமக்கு, அந்தச் சமையலறை அந்நியமான இடமன்று.

இதே நகரில் 2018-இல் திறக்கப்பட்ட நினைவிடம் ஒன்று, 1877 முதல் 1950 வரை கும்பல்களால் கொல்லப்பட்ட 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை நினைவுகூர்கிறது. 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் மேலிருந்து தொங்குகின்றன. வட்டாரத்திற்கு ஒன்றாக நிற்கும் அவற்றில் மாண்டவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் அறியப்படாதவர்க்கு 'அறியப்படாதவர்' என்ற சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயரில்லை என்பதற்காக இடம் மறுக்கப்படவில்லை. அந்த ஒரு சொல்லின் முன் எங்கள் மருமகன் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்தோம்.

முன்வாசல் இல்லாத வீடு

மேற்கே, செல்மா நகரத்துப் பாலத்தைக் கடந்து மிசிசிப்பியின் ஜாக்சன் நகருக்குச் சென்றோம். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவலர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கிய பாலம் அது.

ஜாக்சனில் நாங்கள் தேடிச் சென்ற வீடு மாளிகையன்று. நம் ஊரில் அரசு ஊழியர் ஒருவர் கடன் வாங்கிக் கட்டும் வீடு போன்றது. கறுப்பினத்தவர் உரிமைக்குப் பாடுபட்ட மெட்கர் எவர்ஸ், மனைவி மிர்லியோடும் மூன்று பிள்ளைகளோடும் வாழ்ந்த இல்லம். அத்தெருவின் மற்ற வீடுகளைப் போல இதற்கு முன்வாசல் இல்லை. கார் நிற்கும் போர்டிகோவின் வழியாகவே உள்ளே நுழைய வேண்டும். தெருவை நோக்கி வாசல் இருந்தால் கதவைத் திறக்கும்போது எளிதில் சுடலாம் என்பதால், பாதுகாப்புக் கருதி அவ்வாறு கட்டச் செய்தனர். பிள்ளைகளின் மெத்தைகள் சன்னல் மட்டத்திற்குக் கீழே தரையில் கிடந்தன. வெடிச்சத்தம் கேட்டால் தரையில் விழுந்து தவழ்ந்து செல்லப் பெற்றோரே பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தனர்.

இரண்டாம் உலகப் போரில் நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பியவர் எவர்ஸ். 1963 ஜூன் 12 அன்று, நள்ளிரவு கடந்து காரைவிட்டு இறங்கியபோது முதுகில் சுடப்பட்டார். குண்டு அவரைத் துளைத்து, சன்னலையும் சுவரையும் கடந்து சமையலறைக் குளிர்பெட்டி வரை சென்றது. அவருக்கு வயது 37. சுட்டவன் 1964-இல் இருமுறை விசாரிக்கப்பட்டான். வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு இருமுறையும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மிர்லி ஓயவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1994-இல்தான் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அவ்வீடு இன்று தேசிய நினைவுச் சின்னம்.

மான்டிசெல்லோவின் கடிகாரத்தைவிட, முன்வாசல் இல்லாத இந்தச் சுவர் எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. மாளிகை, ஒரு மனிதன் தன்னைப்பற்றி என்ன எண்ணினான் என்பதைச் சொல்கிறது. இந்தச் சிறு வீடோ, ஒரு நாடு தன் குடிமகனுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்கிறது.

அவுரியும் கரும்பும்

ஜாக்சனிலிருந்து தெற்கே இறங்கினால் லூசியானா. பிரான்சும் ஸ்பெயினும் மாறி மாறி ஆண்ட மண். கத்தோலிக்கம் வேரூன்றிய மண். மற்ற மாநிலங்களின் நிர்வாக வட்டாரத்தைக் 'கவுண்டி' என்பர். இங்கு மட்டும் 'பாரிஷ்', அதாவது பங்கு. அரசின் வரைபடத்திலேயே புனிதர்களின் பெயர்கள். எங்களுக்குச் சொந்த ஊருக்கு வந்தாற்போல் இருந்தது. அந்த உரிமையுணர்வே சற்று நேரத்தில் எங்களைக் கூசச் செய்யவிருந்தது என்பதை அப்போது அறியோம்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் பண்ணை மாளிகைகள் வரிசையாக உள்ளன. ஓக் ஆலி என்ற மாளிகைக்கு இருமருங்கும் 28 ஓக் மரங்கள் பந்தலிட்டாற்போல் நிற்கும் காட்சியைப் படங்களில் பார்க்காதவர் குறைவு. அங்கே அந்துவான் என்ற அடிமைத் தோட்டக்காரர் 1840-களில் பீக்கான் என்னும் கொட்டை மரத்தில் ஒட்டுக் கட்டி, மெல்லிய ஓடுள்ள புதுவகையை உருவாக்கினார். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் அக்கொட்டை பாராட்டுப் பெற்று 'சென்டினியல்' எனப் பெயரும் பெற்றது. மரத்துக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. அதை உருவாக்கியவருக்குக் குடும்பப்பெயர்கூட ஏடுகளில் இல்லை.

அருகிலுள்ள விட்னி பண்ணை வேறு வகையானது. 1752-இல் ஜெர்மானியக் குடியேறி ஒருவர் தொடங்கிய பண்ணை. முதலில் அவுரி, பின்னர் கரும்பு. 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, உரிமையாளரின் பெருமையை விட்டு, அடிமைகளின் வாழ்வையே மையமாகக் கொண்டது. முற்றத்தில் கரும்புச்சாறு காய்ச்சிய இரும்புக் கொப்பரைகள் கிடக்கின்றன. கரும்பாலை கண்டவர்க்கு அதன் வெம்மை தெரியும். அறுவடைக் காலத்தில் அந்த அடுப்பு இரவும் பகலும் அணையாது. அதன் முன் நின்றவர்க்கும் ஓய்வில்லை.

அங்குள்ள கற்சுவர்களில் பெயர்கள், பெயர்கள், மேலும் பெயர்கள். வரலாற்றறிஞர் குவென்டலின் மிட்லோ ஹால் அம்மையார் 1980-களில் தொடங்கிப் பல ஆண்டுகள், பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் எழுதப்பட்ட பழைய நீதிமன்ற ஏடுகளைத் துருவித் திரட்டிய பெயர்களே அவற்றின் ஊற்று. அவர் பெயர் தாங்கிய நினைவிடத்தில் மட்டும் லூசியானாவில் அடிமைகளாயிருந்த 107,000 பேரின் பெயர்கள் உள்ளன.

பிறகு அந்தச் சிறு வட்ட முற்றம். 'வானதூதர் தோட்டம்' என்பர். கறுப்பின வானதூதர் ஒருவர் பச்சிளங்குழந்தையை ஏந்தி நிற்கிறார். சுற்றிலும் கற்பலகைகள். மூன்று வயது நிறையுமுன் இறந்த 2,200 அடிமைக் குழந்தைகளின் நினைவிடம். இந்தக் குழந்தைகளின் விவரம் எங்கே கிடைத்தது என்று கேட்டோம். விடை எங்களை நிற்க வைத்தது: நியூ ஆர்லியன்ஸ் உயர்மறைமாவட்டத்தின் அருளடையாள ஏடுகளிலிருந்து.

மையும் விலங்கும்

ஆம், நம் திருச்சபையின் ஏடுகள். அடிமைகளைக் கத்தோலிக்கராக்கித் திருமுழுக்கு அளிக்க வேண்டும், ஞாயிறன்று வேலை வாங்கலாகாது என்று லூசியானாவில் 1724-இல் பிரெஞ்சு அரசு கொணர்ந்த சட்டம் விதித்தது. எனவே குருக்கள் எழுதினர். பிறந்த குழந்தையை எழுதினர். இறந்த குழந்தையை எழுதினர். அரசும் உரிமையாளரும் பொருளாகக் கணக்கெழுதிய இடத்தில், திருச்சபை ஆன்மாவாகக் கணக்கெழுதியது. அந்த மை இல்லையேல் அந்த 2,200 குழந்தைகளும் பிறந்ததற்கே சான்றிருக்காது. இது நன்றியோடு சொல்லத்தக்கது.

ஆனால் உண்மை அங்கே முடியவில்லை. பெயரை எழுதிய கை விலங்கை அவிழ்க்கவில்லை. துறவியரும் குருக்களும் தாமே அடிமைகளை வைத்திருந்தனர். 1838-இல் மேரிலாண்ட் இயேசு சபையினர், கடனில் மூழ்கிய ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் காக்க, தம் பண்ணைகளில் இருந்த 272 பேரை 115,000 டாலருக்கு லூசியானாவின் கரும்புப் பண்ணையாளர்க்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, சமய வாழ்வுக்கு வழி வேண்டும், பணத்தைக் கடனுக்குச் செலவிடலாகாது என்று உரோமையிலிருந்து சபைத் தலைவர் நிபந்தனை விதித்திருந்தார். அவை காக்கப்படவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டார். விற்கப்பட்டவர்களுக்கு அது காலம் கடந்து வந்தது.

இதை எழுதும்போது எங்கள் பேனா தயங்குகிறது. அருளானந்தரையும் வீரமாமுனிவரையும் நமக்குத் தந்த சபையன்றோ இது? ஆயினும் அதே காரணத்தாலேயே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. விற்கப்பட்டவருள் பலரின் வழித்தோன்றல்கள் இன்றும் லூசியானாவின் மாரிங்குவின் என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கராகவே வாழ்கின்றனர். தம்மை விற்றவர்களின் விசுவாசத்தை அவர்கள் கைவிடவில்லை. அந்த விசுவாசத்தின் எடையை அளக்கும் தராசு எங்களிடம் இல்லை.

2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் அம்மக்களிடம் மன்னிப்புக் கோரின. சபையின் சார்பில் பேசிய குரு, திருப்பலித் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு சொல்லும் பாவ அறிக்கையின் சொற்களையே எடுத்துப் பேசினார். அந்த 1838 பட்டியலின் முதற்பெயரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் கல்லூரிக் கட்டடம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. 2021-இல் வழித்தோன்றல்களின் நலனுக்காக 10 கோடி டாலர் திரட்டச் சபை உறுதியளித்தது. இவை போதுமா என்று கேட்கும் உரிமை அம்மக்களுக்கே உண்டு. ஆனால் ஏட்டைத் திறக்காமல் மன்னிப்புக் கேட்டிருக்க முடியாது என்பது மட்டும் எங்களுக்குத் தெளிவாயிற்று.

வீடு திரும்பிய பின்

1959-இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள சக தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு தம் நாட்டு நிலையை எண்ணிப் பார்த்து அது உண்மையே என உணர்ந்ததாகவும் 1965-இல் தாம் ஆற்றிய மறையுரையில் கிங் கூறினார். அவர் நம் நாட்டில் தம்மைக் கண்டார். நாங்கள் அவர் நாட்டில் எங்களைக் கண்டோம்.

வடக்கன்குளத்து ஆலயத்தினுள் சாதி பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஆலயத்துச் சுவர்களை இடித்தோம். கல்லறைத் தோட்டங்களில் பிரித்து நிற்கும் சுவர்கள் அனைத்தும் விழுந்துவிட்டனவா என்பதை வாசகர்களே அறிவர்.

ஊர் திரும்பியதும் எங்கள் பங்குத் தந்தையிடம் கேட்டு, பழைய திருமுழுக்கு ஏட்டை எடுத்துப் பார்த்தோம். பூச்சி அரித்த ஓரங்கள், இலத்தீன் எழுத்துகள். எங்கள் முப்பாட்டனார் பெயர் இருந்தது. பெயருக்கு அருகே சாதியும் எழுதப்பட்டிருந்தது. அடுத்தடுத்த வரிகளில் வேறு பெயர்கள், வேறு சாதிகள். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே கிறிஸ்து. ஏட்டில் மட்டும் வெவ்வேறு மனிதர். இத்தனை ஆண்டுகள் அந்த ஏட்டிலிருந்து சான்றிதழ் வாங்கிச் சென்றோமே தவிர, அதை வாசித்ததில்லை.

எங்கள் ஆலய முகப்பில் ஒரு கல்வெட்டு உண்டு. அடிக்கல் நாட்டிய ஆயர், கட்டி முடித்த குரு, நிதி தந்த பெரியோர் ஆகியோரின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களுக்கு நம் நன்றி என்றும் உரியது. ஆனால் ஆற்று மணல் சுமந்தவர் யார்? சுண்ணாம்பு அரைத்தவர் யார்? கோபுரத்துக்குச் செங்கல் ஏற்றியவர் யார்? கிழக்குத் தெருவில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். மாலை வேளைகளில் சென்று அவரிடம் கேட்கத் தொடங்கினோம். "எங்க அய்யாவும் அத்தையும் சுமந்த கல்லுதானே சாமி அது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் தந்தையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். அத்தையின் பெயரையும் எழுதிக்கொண்டோம். பிறகு அவர் நினைவுகூர்ந்து சொல்லச் சொல்ல மற்றவர்களின் பெயர்களையும் எழுதினோம்.

இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்துள்ளன. பள்ளிக் கணக்கேடு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறோம். பாட்டிக்கு இன்னும் சில நினைவில் இருக்கின்றன; நாளை மாலையும் வரச் சொல்லியிருக்கிறார்.